கைமாறும் கணினியும் கைவிடப்படும் கணினியும்

புதிய மாடல் பழைய மாடலைவிட மேலானது என்பதை மடிக்கணினி வணிகத்தில் எவரும் வாதமாக வைப்பதில்லை. விலைப்பட்டியலின் வரிசையே அதைச் சொல்லிவிடுகிறது. மறுத்துப் பேசுபவருக்குப் ‘பழமைவாதி’, ‘ஏக்கத்தில் உழல்பவர்’ என்ற பட்டங்கள் தயாராக இருக்கின்றன. லெனோவோ நிறுவனத்தின் திங்க்பேட் எக்ஸ் 270, அதற்குப் பதிலாக வந்த எக்ஸ் 280 என்னும் இரண்டு மடிக்கணினிகளைப் பற்றி ஆய்வு மாணவரிடையே நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இந்தப் பட்டத்தோடு முடிந்துவிடுகிறது. அப்படி முடியத் தகுந்த விஷயம் அல்ல இது. எந்தக் கணினி வேகமானது என்பதைவிட, கணினி யாருக்காக வடிவமைக்கப்படுகிறது, வாங்கியவர் கையைவிட்டு அது போன பிறகு யாருக்கு உரியது என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

பெங்களூரு அந்தக் கேள்விக்கு உகந்த ஊர். லெனோவோவின் இந்தியத் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. வெளிவட்டச் சாலையிலும் ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் உள்ள அலுவலகங்கள் இவ்வகை மடிக்கணினிகளை ஆயிரக்கணக்கில் வாங்கி ஊழியருக்குக் கொடுக்கின்றன. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் தன் இரண்டாம் அட்டவணையில் மடிக்கணினியின் பயனுள்ள ஆயுள் 3 ஆண்டு என்று குறிக்கிறது. வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம் கழித்துக்கொள்ளலாம். ஆக, மூன்று நான்கு ஆண்டுகளில் கணக்குப் புத்தகத்தின்படி அந்தக் கணினி ஏறத்தாழ இறந்துவிடுகிறது. உண்மையில் அதற்குப் பிறகுதான் அதன் இரண்டாவது வாழ்வு தொடங்குகிறது. மொத்தமாக ஏலத்தில் எடுக்கப்பட்டு, துடைக்கப்பட்டு, டவுன்ஹாலுக்கு அருகே சதர் பத்ரப்பா சாலைக்கு, ஊரார் வழக்கில் எஸ்.பி. ரோட்டுக்கு, வந்து சேர்கிறது. அங்கிருந்து சென்னை ரிச்சி தெருவுக்கும் போகிறது. அங்கே அதை வாங்குபவர்களில் கணிசமானோர் மாணவர்களும் ஆய்வாளர்களும்.

அவர்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதைக் கல்விப்புலத்தில் இருப்பவருக்கு விளக்க வேண்டியதில்லை. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது. அது நெட் தேர்வில் அத்தொகைக்குத் தகுதி பெற்றவருக்கு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் அந்தத் தகுதி இல்லாமல் முனைவர் பட்டம் செய்பவருக்கு மாதம் 8,000 ரூபாய். பத்தாண்டுக்கு மேலாக அந்த எண் நகரவில்லை. மாநிலப் பல்கலைக்கழகங்களில் அதுவும் இல்லாதவர் பலர். வரவேண்டிய தொகையும் மாதக்கணக்கில் தாமதமாவது யாரும் அறியாத செய்தி அன்று. லட்சம் ரூபாய்க்கு விற்ற மடிக்கணினி அந்த மாணவர் கைக்கு வருவதென்றால், அது வேறொருவர் கையைத் தாண்டித்தான் வரும்.

இனி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எக்ஸ் 270, 2017இல் சந்தைக்கு வந்தது. 12.5 அங்குலத் திரை. ஏறத்தாழ 1.3 கிலோ எடை. தடிமன் 20 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ரேம் பொருத்த ஒரு ஸ்லாட் உண்டு, 4 ஜி.பி. போட்டு வாங்கியவர் பின்னாளில் அதைக் கழற்றிவிட்டு 16 ஜி.பி. போட்டுக்கொள்ளலாம். இரண்டு பேட்டரிகள்: ஒன்று உள்ளே, ஒன்று பின்புறம். பின்புறத்துப் பேட்டரியைக் கொக்கியைத் தள்ளி எடுத்துவிடலாம். அப்போது உள்ளே இருக்கும் சிறிய பேட்டரி கணினியை அணையாமல் வைத்திருக்கும். அதற்குள் இன்னொரு நிறைந்த பேட்டரியைச் செருகிவிடலாம். முழு அளவு லேன் கேபிள் நேரடியாகப் பொருந்தும். கேமராவின் எஸ்.டி. அட்டை நேரடியாக உள்ளே போகும்.

எக்ஸ் 280, 2018 சனவரியில் அறிவிக்கப்பட்டது. அதே 12.5 அங்குலத் திரை. எடை 1.15 கிலோ அளவுக்குக் குறைந்தது; தடிமன் 17 மில்லிமீட்டர் சொச்சமானது. ரேம் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது. வாங்கும்போது 4, 8, 16 ஜி.பி. எதுவோ, சாகும்வரை அதுவே. பின்புறப் பேட்டரி போய்விட்டது. உள்ளே ஒன்று மட்டும். லேன் கேபிளைப் பொருத்த அந்த நிறுவனத்துக்கே உரிய தனி இணைப்பான் ஒன்றை வாங்க வேண்டும். எஸ்.டி. அட்டையின் இடத்தில் மைக்ரோ எஸ்.டி. வந்தது. மின்னேற்றம் யு.எஸ்.பி. சி துளை வழியாக மட்டுமே.

புதியதற்கு உரிய பெருமையைக் குறைத்துச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. எக்ஸ் 270இல் இருந்தவை இரண்டு கோர் கொண்ட செயலிகள். எக்ஸ் 280இல் பரவலாக வந்த ஐ5-8250யு செயலியில் நான்கு கோர்கள். ஒரே நேரத்தில் பல வேலை செய்பவருக்கு, நிரல் தொகுப்பவருக்கு, புள்ளியியல் கணக்கு ஓட்டுபவருக்கு இது கண்கூடான முன்னேற்றம். சேமிப்பகமும் கழற்றி மாற்றக்கூடிய எம்.2 வகையே. அடிமூடியைத் திறந்தால் பேட்டரியையும் திருகாணி கழற்றி மாற்றிவிடலாம். பசை போட்டு ஒட்டவில்லை. சில நிறுவனங்களின் அடைத்து ஒட்டிய பெட்டிகளோடு ஒப்பிட்டால் எக்ஸ் 280 யோக்கியமான கணினிதான். பெங்களூரின் பேருந்தில் தோள்பையோடு நின்று பயணம் செய்பவருக்கு 150 கிராம் குறைந்ததும் ஒரு நன்மையே.

ஆனால் அந்த 150 கிராமுக்காக என்ன கொடுக்கப்பட்டது? கொடுத்தவர் யார்?

வாங்கிய நிறுவனம் எதையும் கொடுக்கவில்லை. மூன்றாண்டு உத்தரவாதம், பழுதானால் ஆள் வந்து மாற்றிக்கொடுக்கும் ஒப்பந்தம், முதல் நாளே தேவையான அளவு ரேம். மூன்றாம் ஆண்டு முடிவில் கணினி கணக்கிலிருந்து நீங்கிவிடும். ரேம் ஸ்லாட் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? விலை முழுவதும் இரண்டாவது ஆள் தலையில் விழுகிறது. நான்காம் ஆண்டில், ஆறாம் ஆண்டில், எட்டாம் ஆண்டில் அதைத் திறந்து பார்க்கப்போகிறவர் அவர்தான். வடிவமைப்பு நடந்த அறையில் அவர் இல்லை. கொள்முதல் பேச்சு நடந்த அறையிலும் அவர் இல்லை.

எஸ்.பி. ரோட்டுக் கடையொன்றில் 4 ஜி.பி. எக்ஸ் 270 வந்தால் கடைக்காரருக்கு அது சரக்கு. ஒரு ரேம் துண்டைச் செருகி, ஒரு எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி, பின்புறம் புதுப் பேட்டரி மாட்டி அரை மணி நேரத்தில் அதை ஓடும் கணினியாக்கிவிடுவார். 4 ஜி.பி. எக்ஸ் 280 வந்தால்? நான்கு கோர் செயலி உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும். இணைய உலாவியில் பத்துத் தாவல் திறந்தால் மூச்சுத் திணறும். ரேம் சில்லு ஒன்று பழுதானால் மதர்போர்டையே மாற்ற வேண்டும், அல்லது சூடேற்றிச் சில்லைப் பெயர்த்து ஒட்டும் கைத்திறன் உள்ளவரைத் தேட வேண்டும். அத்தகைய கைகள் அந்தச் சாலையில் உண்டு. ஒரு துண்டைக் கழற்றி இன்னொன்றைச் செருகும் எளிய வேலையை அறுவைச் சிகிச்சையாக மாற்றியதற்கு அவர்களுடைய திறமை சமாதானம் ஆகாது.

இங்கே ஒரு தொழில்நுட்பச் சமாதானம் எப்போதும் வந்து நிற்கும். சால்டர் செய்தால்தான் மின்சாரம் குறைவாகச் செலவாகும், வேகம் கூடும், மெல்லியதாகச் செய்ய முடியும் என்பது அது. எல்.பி.டி.டி.ஆர். என்னும் குறைமின் நினைவகத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான். அவ்வகை வழக்கமான ஸ்லாட்டில் வருவதில்லை. ஆனால் எக்ஸ் 280இல் சால்டர் செய்யப்பட்டது அந்த வகை அன்று. ஸ்லாட்டில் செருகக்கூடிய துண்டுகளில் வரும் அதே சாதாரண டி.டி.ஆர். 4தான். மின்சிக்கன வாதத்துக்கு இங்கே இடமே இல்லை. எஞ்சுவது தடிமன் வாதம் மட்டும். மூன்று மில்லிமீட்டர்.

அந்த வாதமும் நெடுநாள் நிற்கவில்லை. குறைமின் நினைவகத்தையும் கழற்றி மாற்றலாம் என்னும் நிலை வந்துவிட்டது. மெல்லிய கணினிக்கான கழற்றக்கூடிய நினைவகத் தரத்தை ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்டது. அதன் குறைமின் வடிவத்தை 2024இல் சந்தைக்குக் கொண்டுவந்த முதல் மடிக்கணினிகளில் லெனோவோவின் திங்க்பேட் பி 1 ஒன்று. அதே ஆண்டு அதே நிறுவனம், பழுதுநீக்கக் கையேடுகளுக்குப் பெயர்பெற்ற ஐஃபிக்ஸிட்டோடு சேர்ந்து வடிவமைத்த திங்க்பேட் டி 14 ஐந்தாம் தலைமுறைக்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் பெற்றதை விளம்பரப்படுத்திக்கொண்டது. முடியாது என்று 2018இல் சொல்லப்பட்டதன் பொருள் என்ன என்பது அப்போது தெளிவாயிற்று. யாரும் கேட்கவில்லை, ஆகவே செய்யவில்லை. அவ்வளவுதான்.

எக்ஸ் 270ஐத் தெய்வமாக்கவும் தேவையில்லை. அது தன் முன்னோரோடு ஒப்பிட்டால் ஏற்கெனவே பாதி இழந்த கணினி. 2011இல் வந்த எக்ஸ் 220இல் ரேமுக்கு இரண்டு ஸ்லாட்டுகள் இருந்தன. ஏழு வரிசை கீபோர்டைச் சில திருகாணிகளைக் கழற்றினால் கையோடு தூக்கி எடுத்துவிடலாம். 2012இல் எக்ஸ் 230 வந்தபோது கீபோர்டு ஆறு வரிசை ஆனது. தன் நிறுவனத்து முத்திரை இல்லாத பேட்டரியைப் பொருத்தினால் மின்னேற்ற மறுக்கும் வழக்கமும் அதில் வந்தது. அந்தத் தடையை நீக்க உலகெங்கும் ஆர்வலர்கள் கணினியின் ஃபர்ம்வேரையே திருத்தி எழுதினார்கள். எக்ஸ் 240இல் இரண்டு ஸ்லாட் ஒன்றானது. சிவப்புப் பொட்டுக்குக் கீழே இருந்த மூன்று பொத்தான்களும் எடுக்கப்பட்டன. பயனர்கள் கடுமையாகக் குறைகூறினார்கள். எக்ஸ் 250இல் பொத்தான்கள் திரும்பி வந்தன. இந்தச் சிறிய நிகழ்ச்சி நினைவில் வைக்கத் தக்கது. பொத்தானைக் கேட்டு வாங்கியவர்கள் முதல் கையினர். ஸ்லாட்டைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் இரண்டாம் கையினர். முதலாமவர் குரல் எட்டியது. இரண்டாமவருக்கு எட்டவைக்கும் வழியே இருக்கவில்லை.

பேட்டரி விஷயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆய்வகத்திலேயே அமர்ந்திருப்பவருக்கு இது பெரிதாகத் தோன்றாது. களத்துக்குப் போகிறவருக்குத் தோன்றும். கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்ளலாம். சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அங்கே தலைமுறைகளாக வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் இன்னும் அந்தக் குடியிருப்புகளில் வாழ்கின்றன. அவர்களுடைய நினைவுகளைப் பதிவு செய்யப் போகும் மாணவர் காலையில் பெங்களூரில் ரயில் ஏறி இரவு திரும்புவார். நாள் முழுக்க ஒலிப்பதிவு, படங்களைக் கணினிக்கு மாற்றுதல், குறிப்பெடுத்தல். பேசிக்கொண்டிருக்கும் முதியவரிடம் ‘ஐயா, சற்றுப் பொறுங்கள், பிளக் எங்கே இருக்கிறது’ என்று கேட்பது பேச்சின் ஓட்டத்தை அறுத்துவிடும். மின்சாரம் இல்லாத நேரமானால் கேட்டும் பயனில்லை. பையில் இன்னொரு பேட்டரி இருந்தால் அந்தக் கவலையே எழாது. எக்ஸ் 270இன் பெரிய பின்புறப் பேட்டரி மட்டுமே 72 வாட் மணி, உள்ளிருப்பது 23. எக்ஸ் 280இல் மொத்தமே 48 வாட் மணி அளவு. வெளியிலிருந்து பவர் பேங்க் மாட்டிக்கொள்ளலாமே என்பார்கள். மாட்டிக்கொள்ளலாம், அந்த பவர் பேங்கின் எடையையும் 150 கிராம் கணக்கில் சேர்த்துக்கொண்டால் சரி. லேன் இணைப்பானின் எடையையும், எஸ்.டி. அட்டை படிப்பானின் எடையையும் சேர்க்கலாம். கணினியின் உடலிலிருந்து நீக்கப்பட்டவை பையின் பக்க அறைக்குக் குடிபெயர்ந்தன. விளம்பரத் தராசில் பை ஏறுவதில்லை.

மின்னேற்றத் துளையும் அப்படியே. யு.எஸ்.பி. சி பொதுத் தரம் என்பது பெரிய வசதி. யாருடைய சார்ஜரும் யாருக்கும் உதவும். ஆனால் எக்ஸ் 280இல் அந்தத் துளைகள் மதர்போர்டோடு ஒட்டியவை. நாள்தோறும் செருகி உருவும் இடம் தேயும். தேய்ந்தால் பழுது மதர்போர்டுக்குப் போகும். போதாக்குறைக்கு, 2017 முதல் 2019 வரை வந்த பல திங்க்பேட் மாடல்களின் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் குறை இருப்பதாகவும், உடனே புதுப்பிக்காவிட்டால் அந்தத் துளை செயலிழக்கலாம் என்றும் லெனோவோவே எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது. எஸ்.பி. ரோட்டில் வாங்கும் மாணவருக்கு அந்த எச்சரிக்கை மின்னஞ்சலில் வராது. அது வாங்கியபோது பதிவு செய்தவருக்கு வரும்; அவர் அந்தக் கணினியை மறந்து இரண்டு வேலை மாறியிருப்பார்.

இதுவரை சொன்னது கணினியைச் செய்தவர் பக்கம். கதையில் இன்னொரு பெரியவர் உண்டு.

மைக்ரோசாஃப்ட் 2021இல் விண்டோஸ் 11ஐ வெளியிட்டபோது இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலியையும் அதற்குப் பின்னவற்றையும் மட்டுமே ஏற்றுக்கொண்டது. எக்ஸ் 270 ஏழாம் தலைமுறையோடு நின்றது. எக்ஸ் 280 எட்டாம் தலைமுறை. ஓராண்டு வேறுபாட்டில் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. தனிப் பயனருக்கு ஓராண்டு நீட்டிப்பு மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆக, ரேமும் பேட்டரியும் மாற்றி இன்னும் ஆறு ஆண்டு ஓட்டக்கூடிய கணினிக்கு இயங்குதளம் இல்லை. இயங்குதளம் உள்ள கணினியில் ரேம் கூட்ட வழி இல்லை. இரண்டு பெரிய நிறுவனங்கள் தனித்தனியே எடுத்த இரண்டு முடிவுகளுக்கு நடுவில் மாணவர் நிற்கிறார்.

அந்தக் கோடு இயற்கையாக விழுந்த கோடு என்று நினைக்க வேண்டாம். ஐ5-8250யு செயலியின் கோர் வடிவமைப்பு ஏழாம் தலைமுறையினுடையதே. இன்டெல் அதைக் கேபி லேக் புதுப்பிப்பு என்றே அழைத்தது. கோர்களின் எண்ணிக்கை கூடியது, அடிப்படை மாறவில்லை. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு எக்ஸ் 270இலும் உண்டு. இதைவிட வேடிக்கையானது, ஏழாம் தலைமுறைக்குள்ளேயே கொடுக்கப்பட்ட விலக்கு. ஐ7-7820எச்கியூ என்னும் செயலி பின்னர் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அது மைக்ரோசாஃப்ட்டின் சொந்தத் தயாரிப்பான சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2இல் இருந்த செயலி. பாதுகாப்பே காரணம் என்றால் அந்தப் பாதுகாப்பு விற்றவர் பெயரைப் பார்த்து வளைந்துகொடுப்பது எப்படி?

லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று கணினி அறிவியல் துறையிலிருந்து விடை வரும். சரியான விடைதான். எக்ஸ் 270இல் லினக்ஸ் அழகாக ஓடும். தமிழ் எழுத்துருக்களும் உள்ளீட்டு முறைகளும் அங்கே நன்றாகவே இருக்கின்றன. கல்வெட்டுப் படங்களை வைத்து வேலை செய்பவர், பழைய இதழ்களின் வருடிய பக்கங்களில் எழுத்துணரி ஓட்டுபவர் பலர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பல்கலைக்கழகம் உரிமம் வாங்கித் தரும் புள்ளியியல் மென்பொருள் சில விண்டோஸை மட்டுமே கேட்கும். இணையவழித் தேர்வுகளின் கண்காணிப்புச் செயலிகளும் பெரும்பாலும் அப்படியே. ஆய்வேட்டை வேர்டு கோப்பாகவே தர வேண்டும் என்னும் துறைகளும் உண்டு. விடுதலை மென்பொருளைப் பரிந்துரைக்கும் பேராசிரியர், தன் துறையின் படிவங்கள் அதில் திறக்கின்றனவா என்பதையும் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது.

இந்த ஊரிலேயே வேறு விதமாகச் சிந்தித்த கணினி ஒன்று இருந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் கணினி அறிவியலாளர்களும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தினரும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர் 2001இல் அறிமுகமானது. கைக்குள் அடங்கும் கருவி. ஒரு ஊரே ஒரு கருவியைப் பகிர்ந்துகொள்ளலாம், அவரவர் தகவல் அவரவர் ஸ்மார்ட் கார்டில் இருக்கும் என்பது அதன் அடிப்படை. வன்பொருள் வரைபடத்துக்கே திறந்த உரிமம் ஒன்றை எழுதினார்கள். அது விற்கவில்லை என்பது உண்மை. அமிடா என்ற பெயரில் 2004இல் கடைக்கு வந்தபோது செல்பேசிகள் அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்தன. தோற்றது என்று அதைப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் அந்த வரைபடத்தில் இருந்த ஒரு செய்தியைத் தவறவிடுகிறார்கள்: கருவியைத் தொடப்போகும் இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது மனிதர் வடிவமைப்பின் முதல் நாளிலேயே கணக்கில் இருந்தார். அதே நகரத்தில் இன்று விற்பனையாகும் மெல்லிய கணினிகளில் ஒரே ஒருவருக்குத்தான் நாற்காலி.

சட்டத்தின் பக்கம் நிலைமை முற்றிலும் இருட்டு என்று சொல்ல முடியாது. பிரான்சில் 2021 முதல் மடிக்கணினிகள் பழுதுநீக்கக் குறியீட்டு எண்ணோடு விற்கப்பட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி ஒழுங்குமுறைப்படி 2027 பிப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுநீக்கும் உரிமைக்கான குழு அமைத்தது. ஆண்டு இறுதியில் இணையதளமும் வந்தது. குறியீட்டு எண்ணுக்கான குழுவின் அறிக்கை 2025 மே மாதம் அளிக்கப்பட்டது. இதற்கிடையில் 2023 ஆகஸ்டில் மடிக்கணினி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதிக்க அரசுக்கு ஒரே இரவு போதுமானதாக இருந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. உள்நாட்டில் செய்வதற்கு வரும் அவசரம், செய்ததை நெடுநாள் ஓடவைப்பதற்கு வருவதில்லை. மின்கழிவு விதிகள் 2022இல் புதுப்பிக்கப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. அவற்றின் கவனம் பெரும்பாலும் கணினி செத்த பிறகு நடக்க வேண்டிய மறுசுழற்சியில். பெங்களூருக்கு வெளியே தாபஸ்பேட்டையில் 2005இலேயே முறையான மின்கழிவு ஆலை வந்துவிட்டது. அதில் பெருமை உண்டு. ஆனால் ஒரு சிறிய மடிக்கணினியின் கரியமிலச் சுமையில் பெரும்பகுதி அது செய்யப்படும்போதே ஏறிவிடுகிறது என்று உற்பத்தியாளர்களின் அறிக்கைகளே சொல்கின்றன. உருக்கி எடுக்கும் செம்பும் தங்கமும் அந்தச் சுமையைத் திருப்பித் தராது. நான்கு ஆண்டு ஓடுவதை எட்டு ஆண்டு ஓட்டினால் அது பாதியாகப் பகிர்ந்துகொள்ளப்படும்.

நிறுவனங்களை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றிவிட்டுக் கல்விப்புலம் கைகழுவ முடியாது. பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் இந்தச் சந்தையின் பெரிய முதல் கையினர். ஜெம் தளத்தில் கணினி வாங்கும் துறைகளின் கோரிக்கைப் படிவங்களைப் பார்த்தால் செயலியின் தலைமுறை இருக்கும், ரேம் அளவு இருக்கும், திரை அளவு இருக்கும், எடைக்கு உச்சவரம்புகூட இருக்கும். ரேம் கழற்றக்கூடியதா என்ற வரி அரிது. பேட்டரியைத் துறையின் தொழில்நுட்ப உதவியாளரே மாற்ற முடியுமா என்ற வரி அதனினும் அரிது. நிலைத்தகு வளர்ச்சி குறித்துக் கருத்தரங்கு நடத்தி, அதன் பதாகையை மூன்றாம் நாள் குப்பையில் போட்டு, அடுத்த வாரம் மூடிய பெட்டிகளுக்குக் கொள்முதல் ஆணை கொடுக்கும் துறை எதற்காக உற்பத்தியாளரைக் கடிந்துகொள்கிறது? பழைய கணினிகளைக் ‘கண்டெம்ன்’ செய்து ஓர் அறையில் அடுக்கி, ஆண்டுக்கணக்கில் தூசி படியவிட்டு, கடைசியில் எடைக்குப் போடும் வழக்கமும் இதே இடங்களில்தான். அந்த அறைக்கு எதிரே உள்ள விடுதியில் தவணை முறையில் மடிக்கணினி வாங்கிய முதுகலை மாணவர் உட்கார்ந்திருப்பார்.

ஏக்கவாதம் என்ற பட்டத்துக்கு இப்போது திரும்பலாம். எக்ஸ் 270ஐ விரும்புகிறவர் அதன் கறுப்பு நிறத்தையும் சிவப்புப் பொட்டையும் பார்த்து உருகுவதாக நினைப்பது வசதியான கற்பனை. அவை எக்ஸ் 280இலும் இருக்கின்றன. அவர் விரும்புவது ஒரு ஸ்லாட்டை, ஒரு கொக்கியை, ஒரு துளையை. இம்மூன்றையும் நான்கு கோர் செயலியோடு சேர்த்து, மூன்று மில்லிமீட்டர் தடிமன் கூட்டித் தந்திருந்தால் அவர் புதியதையே வாங்கியிருப்பார். அந்த அளவில் அப்படியொரு எக்ஸ் வரிசைக் கணினி விற்பனைக்கு வைக்கப்படவே இல்லை. வைக்கப்படாததை மக்கள் வாங்கவில்லை என்று சொல்லி, மெல்லியதைத்தான் சந்தை விரும்புகிறது என்று முடிவு கட்டுவது எந்த ஆய்வு முறையியல் வகுப்பிலும் தேறாது.

மார்ச் மாதம் நெருங்கும்போது நிதியைச் செலவழித்து முடிக்க வேண்டிய அவசரத்தில் துறைகள் மீண்டும் படிவம் நிரப்பும். சென்ற ஆண்டின் கோப்பைத் திறந்து தேதியை மாற்றி அனுப்புவதே வழக்கம். அந்தக் கோப்பில் இரண்டு வரி சேர்க்க எந்த விதியும் தடையில்லை: ரேம் பயனரால் கழற்றி மாற்றக்கூடியதாக இருத்தல் வேண்டும், பேட்டரியும் சேமிப்பகமும் பொதுக் கருவிகளால் மாற்றக்கூடியவையாகவும் அவற்றுக்கான உதிரிப் பாகங்கள் ஏழு ஆண்டுக்குக் கிடைப்பவையாகவும் இருத்தல் வேண்டும்.